யாழ்ப்பாணத்தில் லெப்பர்ட் கெக்கோவுக்கு என்ன பூச்சி கொடுப்பது? தோட்டத்தில் பிடித்த தத்துவெட்டியைப் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கொழும்பிலிருந்து ஒரு லெப்பர்ட் கெக்கோ (புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி) வாங்கி வந்திருக்கிறீர்கள், ஐந்து மாதக் குட்டி, விற்றவர் கொடுத்துவிட்ட புழு முடியப்போகிறது, வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டத்தில் தத்துவெட்டி துள்ளித் திரிகிறது, அதைப் பிடித்துப் போட்டால் என்ன என்று. போடாதீர்கள். இதோடு நிறுத்தினால் கோபிப்பீர்கள், அதனால் ஏன் என்பதையும் வேறு எதைப் போடலாம் என்பதையும் சொல்கிறேன்.

நானும் அதையேதான் செய்யப் பார்த்தேன். கெக்கோ வந்த முதல் கிழமை, நீர்வேலியில் மாமாவின் தோட்டத்துக்குப் போய், பின்னேரம் அரை மணித்தியாலத்தில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையத் தத்துவெட்டி பிடித்துவிட்டேன். இவ்வளவு சுகமாகப் பிடிபடுகிறதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், நல்ல உயிர்ப்புள்ள தத்துவெட்டி கைக்கு அகப்படுமா? வீட்டுக்கு வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பக்கவாட்டில் கிடந்து பின்னங்காலை மட்டும் உதறிக்கொண்டிருக்கிறது. மாமாவுக்கு எடுத்துக் கேட்டேன். "முந்தநாள்தானேடா மருந்தடிச்சது, உனக்கு என்னத்துக்கு அது?" என்றார். கோழிக்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதைத்தேன். எங்கள் பக்கம் வெங்காயம், மிளகாய், பீட்றூட், புகையிலை எதற்கும் மருந்தில்லாமல் விளைச்சல் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். மருந்து பட்ட பூச்சி மெதுவாக நகரும், மெதுவாக நகர்வதைத்தான் கெக்கோ முதலில் பாய்ந்து பிடிக்கும். வளர்ந்த கெக்கோவே 60 கிராம் சொச்சம்தான், உங்களுடைய குட்டி அதில் பாதிகூட இராது, அந்த உடம்புக்கு எவ்வளவு நஞ்சு தேவைப்படும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

மருந்து அடிக்காத வளவு என்றாலும் வெளியில் பிடித்த பூச்சியோடு ஒட்டுண்ணியும் குடற்புழுவும் சேர்ந்து வரும். குசினிக் கரப்பொத்தான் கானுக்குள்ளால் வந்து போவது, அதற்கு யார் எங்கே ஸ்பிரே அடித்தார்களோ தெரியாது. முருங்கையில் இருக்கும் மயிர்க்கொட்டி வேண்டவே வேண்டாம். மின்மினி இன்னும் மோசம், அதன் உடம்பிலுள்ள நஞ்சு பல்லி, ஓணான் இனங்களின் இதயத்தைத் தாக்கும், ஒரேயொரு மின்மினியைத் தின்று வளர்ப்பு ஓணான்கள் செத்துப்போனது பதிவாகியிருக்கிறது. மாரி தொடங்கி ஈசல் கிளம்பும்போது அம்மம்மா "உந்தப் பல்லிக்கு ரெண்டு பிடிச்சுப் போடன்" என்பா. அவவுக்கு இது சுவர்ப் பல்லியின் பணக்காரச் சொந்தம். சுவர்ப் பல்லி சொன்னால் பலன் பார்க்கிறவ, இது ஏன் வாயே திறக்கிறதில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறா. அப்புறம், சுவர்ப் பல்லிக் குஞ்சைப் பிடித்துத் தீனியாகப் போடுகிற பழக்கமும் சிலருக்கு இருக்கிறது, அதன் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகள் கெக்கோவுக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

சரி, எதைக் கொடுப்பது? முதலில் ஒன்று. லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி. முழுக்க முழுக்கப் பூச்சி தின்னி. இலை, பழம், சோறு எதுவும் அதன் சாப்பாடு இல்லை. அப்படியென்றால் இலையும் காய்கறியும் பூச்சியின் வயிற்றுக்குள்ளால்தான் அதற்குப் போக வேண்டும். பூச்சி நேற்று என்ன தின்றதோ அதுதான் இன்று உங்கள் கெக்கோவுக்குச் சாப்பாடு. எந்தப் பூச்சி நல்லது என்று ஆட்கள் மணிக்கணக்காக விவாதிப்பார்கள், பட்டினி கிடக்கிற நல்ல பூச்சியைவிட வயிறு நிரம்பிய சாதாரணப் பூச்சி மேல் என்பது என் அனுபவம்.

இங்கே கிடைக்கக்கூடியது இரண்டுதான்: மாப்புழு, அதாவது மீல்வோர்ம். அடுத்தது கிரிக்கெட் பூச்சி, பழையவர்கள் சுவர்க்கோழி என்பார்களே அதன் பண்ணை வகை. வண்ணமீன், பறவை விற்கும் கடைகளில் மாப்புழு வைத்திருப்பார்கள், பறவைக்காரரும் அரோவானா மீன் வளர்ப்பவர்களும்தான் முக்கிய வாடிக்கை. கிரிக்கெட் எனக்குக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. 400 கிலோமீற்றர், மூடிய பெட்டி, பஸ்ஸின் வயிற்றுச் சூடு. முதல் பார்சலில் முக்கால்வாசி செத்து, மிச்சம் செத்ததைத் தின்றுகொண்டிருந்தன. அனுப்பியவரைக் கேட்டால் பஸ்காரன் பிழை என்றார், பஸ்காரர் பெட்டியில் ஓட்டையே இல்லை என்றார், இரண்டும் உண்மை. அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே பெருக்கத் தொடங்கினேன்.

கடையில் வாங்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மூக்குக்குத்தான் முதல் வேலை. நல்ல மாப்புழுப் பெட்டி தவிட்டு மணம் மணக்கும். மூத்திர நெடியோ அழுகல் மணமோ அடித்தால் வாங்காமல் வாருங்கள். விரலால் தொட்டால் புழு நெளிய வேண்டும், கறுத்து விறைத்துக் கிடப்பது செத்தது. வெள்ளையாக இருப்பதைச் செத்தது என்று நினைத்து எறியாதீர்கள், அது அப்போதுதான் தோல் கழற்றியது, மெத்தென்று இருக்கும், குட்டிக்கு அதைவிட நல்லது இல்லை. பெட்டி ஓரத்தில் மா கொட்டினாற்போல மெல்லிய தூள் படிந்திருந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், தூள் ஊர்கிறதென்றால் அது சிற்றுண்ணி. ஒரு பெட்டியோடு வந்தால் வீட்டிலிருக்கும் அத்தனை பெட்டிக்கும் பரவும். கிரிக்கெட் என்றால் தட்டை ஆட்டினதும் சிதறி ஓட வேண்டும், பின்னங்கால் இரண்டும் மீசையும் முழுசாக இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்து உதைத்துக்கொண்டு பல கிடந்தால் அந்தத் தொகுதியே வேண்டாம். கிரிக்கெட்டுக்கென்றே ஒரு வைரஸ் நோய் உண்டு, 2009, 2010 வாக்கில் வட அமெரிக்காவின் பெரிய பண்ணைகளைக் காலிசெய்தது அதுதான். கெக்கோவுக்குத் தொற்றாது, ஆனாலும் செத்துக்கொண்டிருக்கிற பூச்சியில் என்ன சத்து இருக்கப்போகிறது.

சத்துக் கணக்கில் கிரிக்கெட்டில் கொழுப்பு சுமார் 6 சதவீதம், மாப்புழுவில் 13. மெழுகுப்புழு யாராவது தந்தால் அது 20க்கும் மேல், மாதத்தில் ஒன்றிரண்டு, தொதல் மாதிரி. தொதலைச் சோற்றுக்குப் பதிலாகக் கொடுத்தால் பிள்ளை பிறகு சோறு தின்னாது, கெக்கோவும் அப்படியே அடம்பிடிக்கும். பெரிய சூப்பர்வோர்ம் உங்கள் குட்டிக்கு இப்போது வேண்டாம், அதற்குத் தாடை பலம், கடிக்கும். மாப்புழு உயிரோடு விழுங்கப்பட்டால் வயிற்றைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது வெறும் கதை. அளவுக்கு ஒரு விதி போதும்: கெக்கோவின் இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பூச்சி தடிப்பாக இருக்கக் கூடாது.

இனிப் பூச்சிக்குச் சாப்பாடு. என்னுடைய கிரிக்கெட் பெட்டியில் முட்டைத் தட்டை நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன், ஒளிய இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். தீனி கோதுமைத் தவிடு, அரைத்த கோழித்தீன், மேலே கரட் துண்டு, முருங்கையிலை, பூசணித் தோல். கால்சியம் என்றால் முருங்கையிலைதான், வேலியில் இலவசமாக நிற்கிறது. பசளி கொடுப்பதில்லை, அதிலுள்ள ஒக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. இலை, காய்கறி வீட்டு வளவில் விளைந்ததாக இருந்தால் நல்லது, சந்தையில் வாங்கினதென்றால் நன்றாக ஊறவைத்துக் கழுவி ஈரம் போக உலர்த்துங்கள், தத்துவெட்டிக்குப் பயந்து அதே மருந்தைக் கரட் வழியாகக் கொடுத்துவிடக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கிரிக்கெட் விழுந்து சாகும், கரட்டின் ஈரமே போதும். கெக்கோவுக்குப் போடுவதற்கு முதல் நாள் முழுக்க, குறைந்தது 24 மணித்தியாலம், இந்தச் சாப்பாடு வயிற்றில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிவந்து அன்றைக்கே போடுவது வெறும் உறையைக் கொடுப்பது மாதிரி.

பெருக்குவது லேசு. ஒரு சின்னப் பெட்டியில் ஈரத் தும்புத்தூள் வைத்தால் பெட்டைகள் வாலிலுள்ள ஊசியைக் குத்தி முட்டை வைக்கும், எங்கள் வெக்கைக்கு இரண்டு கிழமைக்குள் பொரித்துவிடும். சத்தம் போடுவது கிடாய்கள் மட்டும்தான், இரவு முழுக்கப் போடும், படுக்கையறையில் வைக்காதீர்கள். எறும்புக்கு மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள், சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்கிற அதே வேலை. மாப்புழுவை ஃப்ரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி நின்று பல கிழமை இருக்கும். நான் ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தேன், வீட்டில் யார் அதைத் திறந்தார்கள், என்ன நடந்தது என்பதை எழுத வேண்டியதில்லை. பெட்டிக்கு மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். சூப்பர்வோர்மை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது, செத்துவிடும்.

இன்னொரு இழப்பும் எனக்கு இருக்கிறது. ஒரு கார்த்திகை மாதம், நுளம்பு தாங்காமல் கிரிக்கெட் இருந்த அறையில் நுளம்புத்திரி கொளுத்திவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பினால் அறை அமைதி. இருநூறுக்கு மேல், ஒன்றும் மிஞ்சவில்லை. திரியில் இருப்பது பூச்சிகொல்லிதானே, அது நுளம்பு எது கிரிக்கெட் எது என்று பார்க்குமா. டெங்குப் புகையடிக்க ஆட்கள் வருகிற நாளில் கெக்கோவையும் பூச்சிப் பெட்டிகளையும் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். புகைபட்ட பூச்சி தப்பிப் பிழைத்தாலும் அதைக் கெக்கோவுக்குப் போடாதீர்கள்.

கால்சியத் தூளில் மட்டும் சோம்பல்படாதீர்கள், நான் பட்டேன். கிரிக்கெட்டிலும் மாப்புழுவிலும் கால்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். கெக்கோவுக்குத் தேவை அதற்கு நேர்மாறு, கால்சியம் இரண்டு பங்கு, பொஸ்பரஸ் ஒரு பங்கு. தூள் இல்லாமல் இரண்டு மாதம் மாப்புழு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன், நன்றாகத் தின்றது, வால்கூடக் கொழுத்தது, நான் புளுகத்தில் இருந்தேன். ஒருநாள் கையில் எடுத்தபோது முன்னங்கால் விரல்கள் தன்பாட்டில் துடித்தன, தந்திக் கம்பி அதிர்கிற மாதிரி. இறக்கிவிட்டால் வயிற்றை நிலத்தில் இழுத்துக்கொண்டு நடந்தது. மிருக வைத்தியர் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எலும்பு மெலிந்திருக்கிறது என்றார். பிழைத்துவிட்டது, ஆனால் வலது முன்னங்கால் இன்றைக்கும் லேசாக வளைந்துதான் இருக்கிறது.

தூள் பிரட்டுவது இப்படி: ஒரு கிண்ணத்தில் சிட்டிகை தூள், பூச்சிகளைப் போட்டு இரண்டு தரம் குலுக்குங்கள். பொரிக்கிற மீனுக்குத் தூள் பிரட்டுகிற அளவு வேண்டாம், திருநீறு பூசினது மாதிரி மெல்லிசாக. விட்டமின் டி3 கலந்த கால்சியத் தூள் கிழமைக்கு ஒன்றிரண்டு தரம், மற்ற நாட்களில் சும்மா கால்சியம். மனிதருக்கான விட்டமின் டி மாத்திரையை அரைத்துப் போடாதீர்கள், டி கூடினாலும் ஆபத்துத்தான். தூள் முடிந்து அடுத்த பார்சல் வரும்வரை எனக்குக் கைகொடுத்தது கணவாய் ஓடு. கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும், கிளிக்கூட்டில் கட்டுவார்களே அதேதான், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பெடுத்து, வெயிலில் காயவைத்து, மெல்லிய பகுதியை மட்டும் சுரண்டி மா மாதிரி அரித்தெடுங்கள். டி3 இதில் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உங்கள் குட்டிக்கு இப்போது தினமும், பின்னேரம் இருண்ட பிறகு, ஐந்தாறு சின்னப் பூச்சி. கால் மணித்தியாலத்தில் தின்னாத கிரிக்கெட்டை வெளியே எடுத்துவிடுங்கள், தூங்குகிற கெக்கோவின் விரலை அது கடிக்கும். வளர்ந்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். வாலைப் பாருங்கள், கழுத்தளவு தடிப்பு சரி, தலையைவிட அகலமானால் குறையுங்கள். தரைச் சூடு 31, 32 பாகை இருந்தால்தான் சமிக்கும். சித்திரை வைகாசியில் அது எங்கள் அறையிலேயே இருக்கிறது, மார்கழி தை இரவுகளில் 22, 23க்கு இறங்கும்போது அடியில் சூட்டுப் பாய் இல்லாமல் சாப்பாடு போடாதீர்கள், வயிற்றிலேயே கிடந்து அழுகும்.

இன்னொன்று, கேட்காத கேள்விக்குப் பதில். வெளிநாட்டு ஊர்வனவற்றை இங்கே கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், விற்றவரிடம் அந்தக் கடதாசி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். இப்போதைக்கு, இருக்கிற புழு முடிவதற்குள் இன்னொரு பெட்டி மாப்புழு வாங்கி, தவிட்டில் கொட்டி, ஒரு துண்டு கரட் வைத்துவிட்டு ஒருநாள் பொறுங்கள். அந்த ஒருநாளில் குட்டிக்கு ஒன்றும் ஆகாது, அதன் சேமிப்பெல்லாம் வாலில் இருக்கிறது.