நிரல் மூலை: ‘ர்’ எங்கே போனது?

(வழக்கம்போல் கட்டளைகளை உச்சரிப்பு மாறாமல் தமிழில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.)

கே: ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய, பத்து வருடத்துக்கும் மேலான ஒரு ஸ்கிரிப்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே இருந்த குறிப்பில் ‘ரூபி -ரூபிஜெம்ஸ்’ என்று அடித்து ஓட்டச் சொல்லியிருக்கிறது. புதுக் கணினியில் ஓட்டினால், ‘ஊபிஜெம்ஸ்’ என்ற ஃபைலை ஏற்ற முடியவில்லை என்று பிழை வருகிறது. நான் சரியாகத்தான் அடித்தேன். ‘ர்’ஐ யார் விழுங்கியது?

ப: ரூபியேதான். ஆனால் அது தப்பு செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் உயிர்மெய்யைப் பிரித்த ஞாபகம் இருக்கிறதா? ரூ என்பது ர் + ஊ. ரூபியின் கமாண்ட் லைனில் ‘-ர்’ ஒரு தனிச் சுவிட்ச். ‘நிரலைத் தொடங்கும் முன் இந்த லைப்ரரியை ஏற்று’ என்று அதற்குப் பொருள். அதோடு ஒட்டி வருவது லைப்ரரியின் பெயர். ஆக, நீங்கள் அடித்ததை ரூபி ‘-ர்’ என்றும் ‘ஊபிஜெம்ஸ்’ என்றும் பிரித்துப் படித்திருக்கிறது.

முன்பு இது ஓடியதற்குக் காரணம் ஒரு குறும்பு. ‘ஜெம்’ என்ற பொட்டலங்களாக வரும் ரூபி லைப்ரரிகளை நிறுவித் தரும் கருவியான ரூபிஜெம்ஸ், 2004இல் வெளிவந்தபோது ரூபியோடு சேர்ந்து வரவில்லை. தனியாக நிறுவ வேண்டும். ஒவ்வொரு ஜெம்மும் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்த தனி ஃபோல்டரில் உட்காரும். ரூபி வழக்கமாகத் தேடும் பாதையில் அந்த ஃபோல்டர்கள் கிடையாது. முதலில் ரூபிஜெம்ஸை ஏற்றினால், அது ‘ரிக்வயர்’ கட்டளையைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, வழக்கமான பாதையில் கிடைக்காததை ஜெம் ஃபோல்டர்களில் தேடித் தரும். இதை எளிதாக்க, ‘ஊபிஜெம்ஸ்’ என்ற பெயரில் ஒரு குட்டி ஃபைலை வைத்தார்கள். ரூபிஜெம்ஸை ஏற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லை. அடிப்பவர் கண்ணுக்கு ‘-ரூபிஜெம்ஸ்’ என்று அழகாகத் தெரியும். என்னைக் கேட்டால், ஒரு ஃபைலுக்கு இதைவிட ரசனையாகப் பெயர் வைத்தவர்கள் இல்லை.

1.9 வரிசையிலிருந்து ரூபிஜெம்ஸ் ரூபிக்குள்ளேயே வந்து, தொடக்கத்திலேயே தானாக ஏறிவிடுகிறது. குட்டி ஃபைல் சும்மா கிடந்தது. 2017 டிசம்பர் 25இல் வந்த 2.5 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். எனவே அந்தச் சுவிட்சை அழித்துவிட்டு ஓட்டுங்கள், போதும்.

இன்னும் அதே பிழை வந்தால், ‘ரூபிஆப்ட்’ என்ற சூழல் மாறியை (என்வயர்ன்மென்ட் வேரியபிள்) பாருங்கள். அதில் எழுதிய சுவிட்சுகள் எல்லா ரூபி நிரலுக்கும் பொருந்தும். அந்தக் காலத்தில் அதில் ‘-ரூபிஜெம்ஸ்’ என்று எழுதிவைப்பது வழக்கம்; நானும் எழுதியிருந்தேன், மறந்தும்போனேன். ரூபியைப் புதுப்பித்த அன்று எதை ஓட்டினாலும் ‘ஊபிஜெம்ஸ்’ இல்லை என்று புலம்பல். ‘ஜெம்’ கட்டளையும் ஒரு ரூபி ஸ்கிரிப்ட்தானே, அதுவும் படுத்துவிட்டது. மூன்று முறை ரூபியை அழித்து மறுபடி நிறுவினேன். குற்றவாளியோ என் ஷெல்லின் தொடக்க ஃபைலில் ஒரே ஒரு வரியாகப் பதுங்கியிருந்தது. ரூபியை எத்தனை முறை நிறுவினால் என்ன, அந்த ஃபைலை யார் தொடப்போகிறார்கள்?

கே: ‘ஆக்டிவ்சப்போர்ட்’ ஜெம் நன்றாகவே நிறுவப்பட்டது. ‘-ர்’ போட்டு அதே பெயரைக் கொடுத்தால் இல்லை என்கிறது. ஏன்?

ப: ‘-ர்’ கேட்பது ஜெம்மின் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் ஃபைலின் பெயரை. இங்கே அது ‘ஆக்டிவ்’, அடிக்கோடு, ‘சப்போர்ட்’. பெயரின் நடுவே சிறுகோடு இருந்தால், ‘ராக்-டெஸ்ட்’ போல, அந்த இடத்தில் சாய்கோடு போட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ‘ஜெம் கன்டென்ட்ஸ்’ என்று அடித்துப் பக்கத்தில் ஜெம்மின் பெயரைக் கொடுங்கள். ‘லிப்’ ஃபோல்டரில் இருப்பது தெரிந்துவிடும். நிற்கும் ஃபோல்டரில் நீங்களே எழுதிய ஃபைல் என்றால் முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். 1.9.2 முதல், நிற்கும் ஃபோல்டரில் ரூபி தானாகத் தேடுவதில்லை. யாரோ போட்டுவைத்த ஃபைல், லைப்ரரியின் பெயரைத் திருடி உள்ளே நுழையக்கூடாதே.

கே: ஒரே ஜெம்மின் இரண்டு பதிப்புகள் வைத்திருக்கிறேன். ‘-ர்’ போடும்போதே பழைய பதிப்பைக் கேட்க முடியுமா?

ப: முடியாது. இருப்பதில் உயர்ந்த பதிப்பே ஏறும். ‘-இ’ சுவிட்சில் சிறு நிரலை நேரடியாக எழுதி, முதலில் ‘ஜெம்’ என்று பெயரையும் பதிப்பையும் சொல்லிவிட்டு, பிறகு ‘ரிக்வயர்’ செய்யுங்கள். இதோடு ‘-ர்’ஐயும் சேர்க்காதீர்கள். அது முந்திக்கொண்டு புதியதை ஏற்றிவிடும். பின்னால் வரும் உங்கள் ‘ஜெம்’ வரி சண்டைக்கு நிற்கும். அடிக்கடி தேவைப்பட்டால், வேண்டிய ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் பதிப்பை எழுதி, அந்தப் பட்டியல்படி ஜெம்களைத் தரும் பண்ட்லர் கருவியின் ‘பண்டில் எக்ஸெக்’ வழியாக ஓட்டுங்கள். அதன் உள்வேலையும் நம் பழைய நண்பர்தான்: ரூபிஆப்டில் ஒரு ‘-ர்’ஐச் செருகி, பண்ட்லரை முதலில் ஏற்றுகிறது.

கே: இதேபோல வேறு பெயர் விளையாட்டு ரூபியில் உண்டா?

ப: ‘ரூபி -ரன்’. பிரியுங்கள்: ர் + அன். ‘அன்’ என்று நிஜமாகவே ஒரு லைப்ரரி இருக்கிறது. அதன் பின்னால் ‘-இ’ போட்டு ‘ஹெச்டிடிபிடி’ என்றும் ஒரு புள்ளியும் அடித்தால், நிற்கும் ஃபோல்டர் பிரவுசரில் திறக்கும் தளமாகிவிடும். இதற்குத் தேவையான ‘வெப்ரிக்’ என்ற வெப் சர்வர் 3.0 முதல் ரூபியோடு வருவதில்லை, அதை மட்டும் முதலில் ஜெம்மாக நிறுவிக்கொள்ளுங்கள்.