சமையல் தோட்டத்திலேயே நடக்கட்டும்

கேள்வி: பெங்களூரு ராஜாஜிநகரில் இருக்கிறோம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கனகபுரா தாண்டி உறவினர் ஒருவரின் மாந்தோப்பில் நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே ஒரு சின்ன வீடும் போர்வெல்லும் உண்டு. சமையல்கட்டு கிடையாது, பக்கத்தில் ஹோட்டலும் இல்லை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு 150 பேர், காலை டிபனுக்கு 200 பேர், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 250 பேர். தெரிந்த கேட்டரர் ஒருவர், தன் இடத்திலேயே சமைத்து வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவதாகச் சொல்கிறார். செலவும் குறைகிறது. ஒப்புக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி

பதில்:

வேண்டாம் அம்மா. செலவு குறைவது உண்மைதான். ஆனால் மதியச் சாப்பாட்டை ராஜாஜிநகரிலிருந்து வேனில் ஏற்றி அனுப்புவதை நான் எந்த வீட்டுக்கும் சம்மதிக்க மாட்டேன்.

மணிக்கணக்கைப் பாருங்கள். காலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்கு நகரத்துக்குள் கட்டுப்பாடு இருப்பதால் வேன் ஏழு மணிக்குள் ஊரைத் தாண்ட வேண்டும். அதற்கு ஆறு மணிக்கே எல்லாம் பாத்திரத்தில் மூடியிருக்க வேண்டும். அப்படியானால் சாதம் வடித்தது ஐந்தரைக்கு. உங்கள் முதல் பந்தி பதினொன்றரைக்கு உட்கார்ந்தாலும் கடைசிப் பந்தி எழுந்திருக்க ஒன்றரை, இரண்டு ஆகும். அடுப்பிலிருந்து இறங்கி எட்டு மணி நேரம் ஆன சாதத்தை, கடைசிவரை நின்று வேலை செய்துவிட்டுச் சாப்பிட உட்காரும் உங்கள் அண்ணன், தம்பி, மைத்துனி எல்லோருக்கும் போடுவீர்கள்.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாகவோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. 'அங்கே போய் ஒரு கொதி விட்டுடுவோம்' என்று கேட்டரர் சொன்னால் அதை ஏற்காதீர்கள். வீட்டில் நாலு பேருக்கு வடித்த சாதம் சீக்கிரம் ஆறிவிடும். 20 கிலோ அரிசி வடித்த அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். கூட்டு, குருமா, கெட்டிப் பருப்பு இவற்றுக்கும் இதே ஆபத்துதான்.

ஆகவே சமையல்காரரை, பாத்திரத்தை, அடுப்பை, மளிகையை எல்லாம் முதல் நாள் மதியத்துக்குள் தோட்டத்தில் இறக்குங்கள். வெட்டவெளியில் கொட்டகை போட்டுச் சமைத்துப் பழகிய கல்யாணச் சமையல்காரர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அல்சூர், மல்லேஸ்வரம் பக்கம் கோயில் அன்னதானம் செய்கிறவர்களிடம் விசாரித்தாலே ஆள் கிடைப்பார். இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒப்பந்தம் பேசுவது ஒரு முறை. சமையல்காரர் லிஸ்ட் கொடுக்க, சாமான் நாம் வாங்கி, அவருக்குக் கூலி மட்டும் கொடுப்பது இன்னொரு முறை. உங்கள் நிலைமைக்கு இரண்டாவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஒன்று மறந்துபோனால் வாங்கிவர அங்கே கடை இல்லை என்பதால், லிஸ்டைப் பார்த்துப் பார்த்து டிக் அடிக்கிற பொறுமைசாலி ஒருவரை உக்கிராணத்துக்கு, அதாவது சாமான் அறைக்கு, நியமித்துவிடுங்கள். அவருக்குக் கல்யாணத்தில் வேறு வேலையே கொடுக்கக் கூடாது. மொத்த ஒப்பந்தம்தான் என்று முடிவு செய்தால், அவருடைய உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மெனு பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். போர்வெல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மோட்டார் மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுவதா என்று கேளுங்கள். கிராமப்புறங்களில் பம்ப்செட்டுக்கான மூன்று ஃபேஸ் நாள் முழுக்க வராது. சில மணி நேரம்தான், அதுவும் பல நாள் நடுராத்திரியில். முகூர்த்தத்தன்று காலை எட்டு மணிக்கு ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. முதல் நாளே தொட்டிகளை நிரப்பி வைக்க வேண்டும். சமைக்க, கழுவ, கை அலம்ப ஒரு சாப்பாட்டுக்குத் தலைக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால், உங்கள் 600 இலைக்கு 6,000 லிட்டர். குளியலும் கழிப்பறையும் இதில் சேராது. சமையலுக்கென்று ஒரு தொட்டியைத் தனியாக மூடி வைத்து, அதில் யாரும் சொம்பை முக்காதபடி குழாய் போட்டுவிடுங்கள். குடிக்க 20 லிட்டர் கேன்கள் 40 இருந்தால் கவலை இல்லை.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது அந்த போர்வெல் தண்ணீரை இரண்டு லிட்டர் பிடித்து வாருங்கள். வீட்டில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை அதில் வேகவையுங்கள், குக்கரில் அல்ல, திறந்த பாத்திரத்தில். இன்னொரு பாத்திரத்தில் கேன் தண்ணீரில் அதே பருப்பு. உப்புத்தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் மசியாது. வேகவில்லை என்றால் பருப்புக்கும் காப்பிக்கும் தனியாகக் கேன் தண்ணீர் கணக்குப் போடுங்கள். அண்டாவில் பருப்பு வேகாமல் நிற்கும்போது சோடா உப்பை அள்ளிப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். சாம்பாரின் ருசி அதோடு போய்விடும்.

மின்சாரம் இப்படி என்பதால் மாவு அரைப்பதை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். இட்லி மாவை நகரத்திலேயே அரைத்து, டிரம்மில் பாதி அளவுக்கு மேல் ஊற்றாமல் எடுத்துப் போங்கள். குலுங்கும்போது பொங்கி வழியும். தை மாதக் குளிரில் இங்கே மாவு புளிக்க நேரமெடுக்கும். மறுநாள் காலை இட்லிக்கு முதல் நாள் காலையிலேயே அரைத்துவிட வேண்டும். தயிருக்கும் அதே கதைதான்: மாலையிலேயே, பால் நல்ல வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்றி, பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைக்கச் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் நந்தினி பாக்கெட் தயிரை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள்.

வேனில் தாராளமாகப் போகக்கூடியவையும் உண்டு. மைசூர்பாகு, லட்டு, மிக்சர், ஊறுகாய், புளிக்காய்ச்சல், வறுத்து அரைத்த பொடிகள். ஒப்பட்டு (நம் போளிதான்) ஒரு நாள் தாங்கும். கன்னட நண்பர்கள் வருவார்கள் என்றால் அதையே இலை இனிப்பாக வைத்துவிடலாம். தேங்காயை முழுசாகவே கொண்டு போய், தேவைப்படும் நேரத்தில் துருவ வேண்டும். தேங்காய்ச் சட்னியைக் காலை டிபனுக்கு ஒரே தடவையாக அரைக்காமல் இரண்டு ஈடாக அரைக்கட்டும். அவியலை முதல் பந்திக்கு அரை மணி முன்பு இறக்கினால் போதும். ரசமலாய், ஐஸ்கிரீம், பானிபூரி கவுண்டர் இவற்றை மகளிடம் பேசி விட்டுவிடச் சொல்லுங்கள். குளிர்பெட்டி இல்லாத இடத்தில் முதல் இரண்டும் நிற்காது. பானிபூரியைப் பொறுத்தவரை, அந்தப் புளித்தண்ணீரை யார் எந்தத் தண்ணீரில் கரைக்கிறார் என்று கூட்டத்தில் நம்மால் கவனிக்கவே முடியாது.

அளவு: மதியச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி, ஆக 25 கிலோ, கையிருப்பாக இன்னும் 3 கிலோ. சாம்பார், ரசம், நெய்ப்பருப்பு மூன்றுக்கும் சேர்த்து 10 கிலோ துவரம்பருப்பு. தயிர் 35 லிட்டர். காப்பிப்பொடி ஒரு கிலோவுக்குத் தொண்ணூறு டம்ளர். அரிசியை ஒரே உலையாக வடிக்க விடாதீர்கள். 100 பேர் உட்காரும் பந்தி என்றால் மூன்று பந்தி வரும். முதல் பந்தி உட்கார்ந்ததும் அடுத்த உலைக்கு அரிசி போட்டால் கடைசிப் பந்திக்கும் ஆவி பறக்கும் சாதம் கிடைக்கும். சமையலை அங்கேயே வைப்பதில் எனக்குப் பிடித்த பலன் இதுதான்.

வெளியூர்க்காரர்களின் எண்ணிக்கையில் ஒரு விஷயம். கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் வழியாகக் கனகபுரா சாலையிலேயே வர நினைப்பவர்கள் இருப்பார்கள். திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. ஒன்று, அவர்கள் முதல் நாள் இரவே வந்து சேர்வார்கள், இல்லாவிட்டால் முகூர்த்தத்துக்கே தாமதமாகும். பத்திரிகை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக் கணக்கும் சரியாகும்.

கேஸுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்கள்தான் வேண்டும். வீட்டு சிலிண்டர்களைச் சொந்தக்காரர்களிடம் சேகரித்துக் கொண்டு போவது சட்டப்படி தவறு. 600 இலைக்கு ஆறு சிலிண்டர் ஆகும், எட்டாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளிக் காற்றில் தீ அலைந்து கேஸ் வீணாகும் என்பதால் காற்றடிக்கும் பக்கம் தகரத் தடுப்பு வேண்டும். கூரையும் தகரமாக இருக்கட்டும். அடுப்புக்கு மேலே ஷாமியானா துணி கட்டவே கூடாது. தை மாதத்தில் மாந்தோப்புப் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். கொட்டகையைச் சுற்றிப் பத்தடிக்குச் செதுக்கித் தண்ணீர் தெளியுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் இரண்டு, மணல் வாளி நாலு. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பரிமாற வரும் சின்னப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல்காரர், உதவியாளர்கள், காய் நறுக்குபவர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் தேய்க்கும் பெண்கள் என்று இருபது பேராவது வருவார்கள். இரவுப் பந்தி முடிந்து அண்டா கழுவ பதினொன்று ஆகும். மூன்று மணிக்கு மறுபடி அடுப்பு பற்ற வேண்டும். மண்டபத்தில் என்றால் ஒரு மூலையில் படுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில், அந்தக் குளிரில், அவர்களுக்குப் படுக்க இடமும் கம்பளியும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கழிப்பறை வாசலிலும் கொட்டகை வாசலிலும் சோப்பும் குழாயும் இருக்க வேண்டும். தூக்கமில்லாதவர் கொதிக்கும் அண்டாவைத் தூக்குவது ஆபத்து. கை கழுவ இடமில்லாதவரிடம் சுத்தம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருக்கிற ஆள் உணவைத் தொடக் கூடாது. அதற்காக அவர் கூலியைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் அடுத்தவர் நோயை மறைப்பார். இரவு அவர்கள் சாப்பிட்டார்களா என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்க் கேட்டுவிட்டு வரட்டும்.

பரிமாற வாழை இலை போதும். கே.ஆர். மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீரும் மிச்சம். பிளாஸ்டிக் கப், ஸ்பூன் வகைகள் கர்நாடகத்தில் 2016 முதலே தடை செய்யப்பட்டவை. டம்ளர்களை வாடகைக்கு எடுங்கள், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள்.

எச்சில் இலையை வேலியோரம் கொட்டாமல் குழி வெட்டி அன்றன்றே மண் மூட வேண்டும். கனகபுரா வட்டாரம் பன்னேருகட்டா தேசியப் பூங்காவுக்கும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்கும் நடுவே இருக்கிறது. யானை நடமாட்டம் உள்ள பகுதி. வாசலில் குலையோடு கட்டும் வாழை மரமும் கரும்பும் அவற்றுக்கு அழைப்பு மாதிரி. ஊர்க்காரர்களிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள். யானை வரும் இடம் என்று அவர்கள் சொன்னால், வாழை மரத்தை முகூர்த்தத்தன்று விடிந்த பிறகு கட்டுங்கள், மாலை நான்கு மணிக்குள் அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிடுங்கள். பழத்தார், பலாப்பழம் எதுவும் இரவில் வெளியே இருக்க வேண்டாம்.

கட்டுச்சாதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஊருக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். மதியம் மிஞ்சிய சாம்பார் சாதத்தையோ தயிர் சாதத்தையோ கட்டிக் கொடுக்காதீர்கள். இரண்டு மணிக்குத் தனியாக நாலு கிலோ அரிசி வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, கொண்டு போன புளிக்காய்ச்சலையும் நல்லெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். அன்றிரவே சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கூடவே ஒரு மைசூர்பாகு.