சூடு இல்லை, முதுகைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு நாலரை வயது. ஆசனவாய் இல்லாமல் பிறந்தான். கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் போடும் தற்காலிகத் துளை) வைத்து, புதிதாக ஆசனவாய் அமைத்து, கொலாஸ்டமியையும் மூடிவிட்டார்கள். மூன்று வயதிலிருந்து பகலில் ஜட்டி நனையாமல் இருந்தவன், இரண்டு மாதமாக அடிக்கடி நனைக்கிறான். காய்ச்சலும் ஒருமுறை வந்தது. சூடு என்று இளநீர் கொடுத்தோம். டாக்டரோ முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். எங்கள் பக்கத்து ஃப்ளோரைடு தண்ணீர் காரணமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஆசனவாய்க் குறையோ கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் ஏற்பட்டுவிடுவது. தண்ணீர்மேல் பழி போட ஆதாரம் இல்லை.

எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். தண்டுவடத்தின் நுனி இடுப்பு முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் கண்ணி அருகே தளர்வாக நிற்க வேண்டும். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது கீழே ஒட்டிக்கிடக்கும். பிள்ளை உயர உயர வடம் இழுபட்டு, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் தளரும். அதனால்தான் பிறந்தபோது தெரியாதது நாலைந்து வயதில் தலைகாட்டுகிறது. நடை மாறியிருக்கிறதா, ஒரு கால் இளைத்திருக்கிறதா, கால்வலி உண்டா, மலக்கசிவு கூடியதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

கூடவே சிறுநீரகம், சிறுநீர்ப்பைக்கு ஸ்கேன் வேண்டும். பை நிரம்பியிருக்கும்போது ஒன்று, சிறுநீர் கழித்த உடனே இன்னொன்று. இரண்டாவதை எடுக்காமல் அனுப்பிவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். நாலு வயதுப் பை சுமார் 180 மி.லி. கொள்ளும் (வயதோடு 2 கூட்டி, 30-ஆல் பெருக்கினால் வரும் கணக்கு). கழித்த பிறகும் 20 மி.லி.க்கு மேல் திரும்பத் திரும்பத் தங்கினால் பை சரியாகக் காலியாகவில்லை. தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும், சிறுநீரகத்துக்கும் ஏறும். அப்படியானால் 4 மணிக்கொரு முறை கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு வடிக்கச் சொல்லித்தருவார்கள். பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் இதுதான்.

இனிக் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் கொடுக்குமுன் சிறுநீரைக் கல்ச்சருக்குக் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுங்கள். மருந்து முந்திக்கொண்டால் கிருமி சிக்காது. முதல் சொட்டுகளை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். நனைக்கிறானே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கலைச் சேரவிடாதீர்கள்: அடைத்த மலக்குடல் பையை அழுத்தும்.

கேள்வி: பேத்திக்கு 20 நாள். அதே குறை, கொலாஸ்டமி போட்டாயிற்று. இப்போதே முதுகு ஸ்கேன் தேவையா?
– வாசகர், பர்கூர்

பதில்: இப்போதே. மூன்று மாதம் வரை முதுகெலும்பு முழுதாக இறுகாததால் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடம் தெரியும். மயக்க மருந்தும் வேண்டாம். அந்தக் காலம் தாண்டினால் எம்.ஆர்.ஐ.தான். சிறுநீரக ஸ்கேனும் இதயத்துக்கு எக்கோவும் எடுத்தாயிற்றா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். இல்லையென்றால், அதே சீட்டுடன் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரை இந்த வாரமே பாருங்கள்.