கடலை உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு கடலோர நகரம் ஒன்றில் குடியேற நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். பழைய வீட்டை விற்ற பணம் கையில் இருக்கிறது. இரண்டு வீடுகள் பார்த்தோம். இரண்டும் மேற்கே கடல் பார்த்தவை. ஒன்று, கரையை ஒட்டிய புதிய கோபுரத்தில் 23ஆம் மாடி. வரவேற்பறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கதவைத் திறந்ததும் கடல் முகத்தில் வந்து மோதுகிறது. நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. இன்னொன்று, ஒரு தெரு உள்ளே தள்ளி, 14 ஆண்டு பழைய கட்டடத்தில் 7ஆம் மாடி. முன்னால் நிற்கும் தாழ்வான கட்டடத்துக்கு மேலே கடல் தெரிகிறது. என் மனம் 23ஆம் மாடியிலேயே நின்றுவிட்டது. “உனக்கு வீடு வேண்டுமா, படம் வேண்டுமா?” என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? பால்கனியில் ஊஞ்சல் போடவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கும் ஒரு யோசனை சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். கதவைத் திறந்ததும் கடல் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது நின்றுகொண்டு பார்த்திருக்கிறீர்கள். வீடு காட்ட அழைத்துப் போகிறவர்கள் நம்மை உட்காரவே விடமாட்டார்கள். நேரே கண்ணாடி ஓரத்துக்கு நடத்திச் சென்று, “பாருங்கள்” என்பார்கள். ஆனால் குடிவந்த பிறகு நாம் நின்றுகொண்டா வாழப்போகிறோம்?

அடுத்த முறை போகும்போது சோபா இருக்கும் இடத்தில் உட்காருங்கள். சோபா இல்லையென்றால் ஒரு நாற்காலி கேளுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். பால்கனிக் கைப்பிடிச் சுவரின் உயரமும் பெரும்பாலும் அதேதான். தொடுவானத்துக்கு ஒரு குணம் உண்டு: நாம் எத்தனை மாடி ஏறினாலும் அது கூடவே ஏறி, நம் கண்மட்டத்திலேயே வந்து நிற்கும். 23ஆம் மாடியில், 3 மீட்டர் தள்ளியிருக்கும் கைப்பிடியில் அளந்து பார்த்தால் ஒரு விரற்கடைகூடக் கீழே இறங்கியிருக்காது. ஆகவே கைப்பிடிச் சுவர் காங்கிரீட் என்றால், உட்கார்ந்த மறுகணம் கடல் காணாமல் போகும். வானம் மட்டும் மிஞ்சும். கண்ணாடிக் கைப்பிடி என்றால் தெரியும், ஆனால் அதில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். வெளிப்பக்கத்தை யார் துடைப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் நீங்களே புரிந்துகொள்ளலாம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். 23ஆம் மாடியின் ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 7ஆம் மாடியிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர். கணக்குக்கு இது பெரிய வேறுபாடு, கண்ணுக்கு அல்ல. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கீழே இருக்கிறது. 23ஆம் மாடி அறைக்குள் நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், தரை விளிம்பு பார்வையை வெட்டிவிடும். கரையோரத்து முதல் இருநூறு மீட்டருக்கு மேல் மறைந்துபோகும். அலை உடைவது, நுரை, நடக்கிற மனிதர்கள், கரைக்கு இழுத்துப்போட்ட படகுகள் எல்லாம் அந்த மறைந்த பகுதியில்தான் இருக்கின்றன. மிஞ்சுவது நீலம். அதுவும் பகலில்தான். இருட்டியதும் விளக்கைப் போட்டால் அந்தப் பெரிய கண்ணாடி உங்கள் வரவேற்பறையையே உங்களுக்குத் திருப்பிக் காட்டும். உங்கள் கணவர் ‘படம்’ என்று சொன்னது குத்தலாக இருந்தாலும் பொருளில்லாத பேச்சு அல்ல.

மேற்கு என்பதால் இன்னொரு சோதனை. பிற்பகல் மூன்று மணிக்குப் போய், சூரியன் இறங்கும்வரை அங்கேயே இருங்கள். தாழ்ந்த சூரியனை மேலே நீட்டிய சன்ஷேடு எதுவும் மறைக்காது. கதிர் படுக்கைவாக்கில் உள்ளே வரும், கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி வேறு. நெய்தல் நிலத்துக்கு, சூரியன் சாயும் எற்பாட்டைப் பொழுதாக வகுத்தவர்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் அல்லர். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியா என்று கேளுங்கள். இல்லையென்றால் தினமும் மாலையில், கடல் மிக அழகாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், நீங்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். ஒன்பது ஆண்டுகள் கடல் பார்த்த வீட்டில் இருந்தவள் நான், ஆகவே கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடிபோன இரண்டாம் ஆண்டே பால்கனிக் கம்பியில் செம்பழுப்புக் கறை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் போட்டிருந்தார்கள். பொய்யில்லை, ஆனால் அது 304 வகை. கடலோரத்துக்கு வேண்டியது மாலிப்டினம் சேர்ந்த 316 வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எழுத்தில் கேட்டு வாங்கினால்தான் உண்டு. பிறகு ஜன்னல் கீல், தாழ்ப்பாள், அலமாரித் திருகு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. ஏசியின் வெளி யூனிட்டில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே உப்பீரம் புகுந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும். பூச்சிட்ட தகடா, யூனிட்டைக் கடற்காற்று நேரே அடிக்காத பக்கத்தில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

காற்றில் வரும் இந்த உப்பு, அலை உடையும் இடத்தில்தான் பிறக்கிறது. நுரைக் குமிழி வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கி வருகிறது. கரையிலிருந்து விலக விலக, முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு தெரு உள்ளே என்பது சாதாரணமாகத் தோன்றும். துருவுக்கு அது பெரிய தூரம். அந்தத் தாழ்வான முன்கட்டடம் உங்களுக்காகக் கொஞ்சம் உப்பைத் தாங்கிக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணில் படும் துருவை மாற்றிவிடலாம். கண்ணில் படாததுதான் கவலை. காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு மெல்ல மெல்ல ஊடுருவி அந்தப் படலத்தைக் குலைக்கிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காததால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டராவது காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது கடலோரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சரியாகக் கழுவாத கடல்மணலைக் கலந்து கட்டியிருந்தால் குளோரைடு வெளியிலிருந்து வரவே வேண்டாம், பிறவியிலேயே உள்ளே இருக்கும்.

2021 ஜூன் 24 அதிகாலையில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துச் சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில், 1981இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு கெட்டு, கீழே காங்கிரீட்டுக்குப் பெரிய சேதம் ஏற்பட்டிருக்கிறது என்று 2018லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இடிபாட்டுக்கு வடிவமைப்புக் குறைகளும் உண்டு. உப்பை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. நான் இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அங்கே பழுதுபார்ப்புச் செலவைப் பற்றி உரிமையாளர்களுக்குள் பேச்சு நீண்டுகொண்டே போனது. கடலோர அடுக்குமாடியில் நாம் வாங்குவது ஒரு வீட்டை மட்டுமல்ல, முகம் தெரியாத நூறு பேரோடு சேர்ந்து ஒரு கட்டடத்தைப் பேணும் பொறுப்பையும். அவர்கள் செலவுக்குக் கை நீட்டுவார்களா, பின்வாங்குவார்களா என்பது உங்கள் பால்கனியைவிட முக்கியம்.

அதனால்தான் 14 வயதுக் கட்டடத்தின் பக்கம் என் மனம் சாய்கிறது. அது தன் குணத்தை இதற்குள் காட்டியிருக்கும். பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பாருங்கள். கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தில் துருக்கறை இருக்கிறதா, காங்கிரீட் உப்பிப் பெயர்ந்திருக்கிறதா, அண்மையில் அவசரமாகப் பூசி மறைத்த திட்டுகள் உண்டா? குடியிருப்போர் சங்கத்தின் கடைசி மூன்றாண்டுக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். பெரிய பழுதுகளுக்கென்று தனி நிதி சேர்த்து வைத்திருந்தால் நல்ல மனிதர்கள். பராமரிப்புக் கட்டணம் குறைவு என்று பெருமையடித்தால் அது நல்ல சேதி அல்ல. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நீங்களே அமர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். குளோரைடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று காங்கிரீட் மாதிரி எடுத்துச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சோதனைக்குச் சங்கம் சம்மதிக்கவில்லையென்றால் நான் சொன்ன பாராட்டையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதிய கோபுரம் இன்னும் வாய் திறக்கவில்லை. அதைக் கட்டியவர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் கட்டிய வேறொரு கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். மாதிரி வீட்டில் நூறு முறை நடப்பதைவிட அது மேல். ஜெனரேட்டரும் மின் அறையும் பேஸ்மென்ட்டில் இருக்கின்றனவா, மேலேயா என்றும் விசாரியுங்கள். 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, இன்னும் உயரும். 23ஆம் மாடி மூழ்காது. ஆனால் புயலன்று பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்தால் லிஃப்ட் நிற்கும், தண்ணீர் மோட்டார் நிற்கும். அப்போது 23 என்ற எண்ணுக்கு வேறு பொருள் வந்துவிடும். உங்கள் இருவர் முழங்கால்களைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எதுவும் எழுதவில்லை.

நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதல் மாதம் போவீர்கள்.

உங்கள் கணவரின் தேர்வில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. முன்னால் நிற்கும் தாழ்வான கட்டடம் எவ்வளவு காலம் தாழ்வாகவே இருக்கும்? 1610இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டார் என்று ஒருவர் நீதிமன்றம் போனார். நாற்றத்துக்கும், அடைபட்ட வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழக்குத் தொடுக்கலாம், ஆனால் காட்சி என்பது இன்பத்துக்கு மட்டுமே உரியது, அது மறைந்தால் வழக்கில்லை என்றார்கள் நீதிபதிகள். அந்த மரபில் வந்த நாடுகளில் இன்றும் பெரும்பாலும் அதே நிலைதான். ஆகவே முன்மனை யாருடையது, அங்கே எத்தனை மாடிக்கு அனுமதி உண்டு என்பதை நகரத் திட்ட அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். “அங்கே யாரும் கட்டமாட்டார்கள்” என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பே கிடையாது. பத்து மாடிக்கு அனுமதி இருந்தால் அந்த வீட்டுக்கு ‘கடல் பார்த்த வீடு’ என்ற விலையைக் கொடுக்காதீர்கள். கடல் இல்லாவிட்டாலும் பிடிக்குமா என்று பார்த்து, அந்த விலைக்குப் பேசுங்கள்.

யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். பொறியாளரின் அறிக்கையும் முன்மனை விவரமும் சாதகமாக வந்தால், 7ஆம் மாடி. இரண்டில் ஒன்று கோணினாலும் இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு மூன்றாவது தேடுங்கள். ஓராண்டு அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. பழைய வீட்டை விற்ற கையோடு வாடகைக்குப் போக யாருக்கும் மனம் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

ஊஞ்சலுக்கு வருவோம். கொக்கி மாட்டுவதற்காகப் பால்கனிக் கூரையைத் துளைக்காதீர்கள். உப்புக்கு நீங்களே வாசல் திறந்துவிட்டதுபோல் ஆகும். பல குடியிருப்புகளில் அதற்கு அனுமதியும் கிடையாது. சட்டத்தோடு தானே நிற்கும் ஊஞ்சலாக வாங்குங்கள். சங்கிலியும் திருகுகளும் 316ஆக இருக்கட்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். 7ஆம் மாடி என்றால் பால்கனியிலேயே போடலாம், காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் கட்டி வையுங்கள். 23ஆம் மாடி என்றால் வரவேற்பறைக்குள்தான். ஊஞ்சல் பலகை சோபாவைவிட ஒரு சாண் உயரமாக இருக்கட்டும். கைப்பிடிச் சுவருக்கு மேலே கடல் தெரியும்.