ஜகாத் கொடுத்துவிட்டால் இஸ்லாத்தில் தர்மக் கடமை முடிந்துவிடுமா?

முடிந்துவிடாது. ஜகாத் எனும் கட்டாய தர்மம் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று. சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டிய சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு முழுவதும் ஒருவரிடம் இருந்தால், அதில் 2.5 சதவீதத்தை, அதாவது லட்சத்துக்கு 2,500 ரூபாயை, அவர் கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளியின் மதிப்பைக் கொண்டு கணக்கிடுவோரும் உண்டு. பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனின் 9ஆம் அத்தியாயம், 60ஆம் வசனம் வரையறுக்கிறது. ஏழைகளோடு கடனில் மூழ்கியவரும் வழிப்போக்கரும் அதில் இடம்பெறுவதால், இது வெறும் பிச்சை அன்று, பெறுபவரின் உரிமை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

சதகா எனும் தர்மத்துக்கோ அளவும் இல்லை, காலமும் இல்லை. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும், சக மனிதரைப் புன்முறுவலோடு சந்திப்பதும் தர்மமே என்று நபிமொழிகள் கூறுவதால், கையில் காசில்லாதவருக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

கொடுக்கும் முறையும் முக்கியம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று 2ஆம் அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. அரிசிப் பையை நீட்டும்போதே பெறுபவரின் முகம் தெரியப் படம் எடுத்துப் பகிரும் இன்றைய வழக்கம், இந்த எச்சரிக்கைக்கு நேர் எதிரானது என்பதே என் உறுதியான கருத்து. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே, குழந்தை உட்பட வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் பித்ரா எனும் பெருநாள் தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதன் நோக்கமும், அன்று எந்த ஏழையும் கையேந்தி நிற்கக் கூடாது என்பதுதான்.