பழைய பொருட்களை வைத்து கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் நாம் கஷ்டத்தில் இருக்கிறோம் என்று நினைப்பார்களா?

நினைப்பார்கள். சிலர் வாய்விட்டே கேட்பார்கள், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அட்டை, ஓலை, பழைய துணி இவற்றில் ஸ்டாரும், பாலன் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற குடிலும் செய்தால் மலிவாகத் தெரியுமா, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் புதிதாகக் கல்யாணமானவர், முதல் கிறிஸ்துமஸுக்குப் புகுந்த வீட்டு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் ஒன்று. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கையால் செய்வதுதான் முதலில் இருந்தது, கடையில் வாங்குவது பிறகு வந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது டிசம்பர் பிறந்ததுமே தெருவில் யாராவது ஒரு அண்ணன் மூங்கிலைச் சிம்பு சிம்பாகக் கீறிக்கொண்டிருப்பார். மரம் என்றால் சவுக்குக் கிளைதான். வாளியில் மணலை நிரப்பி நட்டு, மேலே சரிகைத்தாள். வசதியான வீட்டிலும் அதே சவுக்குதான் நின்றது, யாரும் அதை ஏழ்மை என்று சொன்னதில்லை. பிளாஸ்டிக் மரம் வந்த பிறகுதான் சவுக்கு 'இல்லாதவர்கள் வைப்பது' ஆகிவிட்டது. இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை தென் மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரில் ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்கிற மழையைவிட அது அதிகம். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது, மாடியில் இருந்த வீட்டுக்காரர்கள்தான் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த பிளாஸ்டிக் மரம், சீரியல் லைட், அதற்கு முந்தின வருடம் ஆசையாக வாங்கிய பெரிய ஸ்டார் எல்லாம் போயின. குடிலில் வைக்கிற சுரூபங்களில், அதாவது சிலைகளில், மாதாவுக்கும் அவர் கணவர் சூசையப்பருக்கும் பெயிண்ட் உரிந்துவிட்டது.

அரிசி நனைந்து கிடக்கும் வீட்டில் ஸ்டாரைப் பற்றி யோசிக்கிற நேரமா அது என்று இதைப் படிக்கிற சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். என் மாமியார்தான் விடவில்லை. "பாலன் பிறப்புக்கு வீடு இருட்டா கிடக்கக் கூடாது தாயி" என்றார். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

மாமா அந்தக் காலத்தில் தெருவுக்கே ஸ்டார் கட்டிக் கொடுத்தவர். காற்றில் விழுந்து கிடந்த தென்னை மட்டைகளில் இருந்து தடித்த ஈர்க்குகளை உருவி, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். முறை இதுதான், நீங்களும் செய்யலாம். ஒரே நீளத்தில் பத்து குச்சி வேண்டும், மூங்கில் சிம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. ஐந்தை ஐந்து முனை வருகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று என்று கோத்து முனைகளைக் கட்டுங்கள். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டினால் தட்டையாக இருக்கும். நடுவில் குச்சிகள் வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களில் நான்கு விரல் அளவுக் குச்சியைக் குறுக்கே கொடுத்தால் ஸ்டார் இரண்டு பக்கமும் உப்பி நிற்கும். அந்தச் சின்னக் குச்சிகளைப் பொருத்தும்போது முழுச் சட்டமும் இறுகி, கையில் எடுத்தால் டக்கென்று விறைப்பாக நிற்கிறது பாருங்கள், என் பையன் அதைத்தான் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டச் சொன்னான்.

ஒட்டுவதற்குப் பட்டத்தாள் எங்கே போவது? கடை எதுவும் திறக்கவில்லை, மைதாவும் நனைந்துவிட்டது. நிவாரணப் பொருள் போட்டுக் கொடுத்த வெள்ளைப் பைகள் இருந்தன, தைக்காமல் ஒட்டியது போல இருக்குமே, அந்த மெல்லிய துணி. அவற்றைப் பிரித்து, ஊசி நூலால் சட்டத்தோடு சேர்த்துத் தைத்தேன். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் திறந்துவிட்டு உள்ளே சார்ஜர் லைட் வைத்தோம். தாள் என்றால் அந்த ஈரத்தில் ஒரு ராத்திரி தாங்கியிருக்காது. துணி தாங்கியது, வெளிச்சமும் கண்ணைக் குத்தாமல் பால் மாதிரி வந்தது.

குடிலுக்கு நிவாரணம் வந்த அட்டைப்பெட்டி. கூரைக்குத் தென்னங்கீற்று. புல்லுக்குத்தான் நான் கவலைப்பட்டேன், ஏனென்றால் வழக்கமாக டிசம்பர் 12, 13 தேதிக்கே கேழ்வரகு தெளித்துவிடுவோம். அத்தை கீழே போய்ப் பார்த்துவிட்டு, வெள்ளத்தில் ஊறிய கேழ்வரகுப் பை முளைவிட ஆரம்பித்திருந்ததை அப்படியே கொண்டுவந்தார். சாக்கடையும் கலந்த தண்ணீர், சாப்பிட முடியாது. தாம்பாளத்தில் ஈரச் சாக்கைப் போட்டு அதன்மேல் பரப்பினார். 24ஆம் தேதி சாயங்காலம் குடிலைச் சுற்றிப் பசேலென்று புல் நின்றது.

ஆடுகள் பனங்கொட்டையில். பழத்தைச் சூப்பிய பிறகு கொட்டையைக் காயப்போட்டால் நார் அப்படியே நிற்கும். அதைப் பழைய சீப்பால் வாரிவிட்டால் அசல் செம்மறி ரோமம். ஈர்க்கில் நாலு கால், முகத்துக்குக் கறுப்புத் துணியில் ஒரு முடிச்சு. எங்கள் பக்கம் பிள்ளைகள் பனங்கொட்டையில் ஏதாவது செய்து விளையாடுவது வழக்கம்தான், ஆனால் குடிலில் வைத்தது அதுதான் முதல் தடவை. பெயிண்ட் உரிந்த மாதாவையும் சூசையப்பரையும் அப்படியே வைத்தோம். பாலனை வழக்கம்போல நடுச்சாமப் பூசை நேரத்தில்தான் எடுத்து வைத்தார் அத்தை. புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் முதல் குடில் வைத்தது 1223இல். அது வைக்கோலும் தீவனத்தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். சரியாக 800 வருடம் கழித்து எங்கள் வீட்டில் அட்டையும் ஓலையும். இதில் மலிவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லார் வீடும் அப்படித்தான் இருந்தது. 2024இல் வாங்க வசதி இருந்தும் அதே மாதிரி செய்தோம், பிள்ளைகள் வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் சென்னையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரின் சித்தி குடிலையும் ஸ்டாரையும் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டமோ? சொல்லியிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேனே" என்றார். நல்ல மனதோடு கேட்டார், ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "கஷ்டம் ஒண்ணும் இல்ல சித்தி, எங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றேன். நம்பினாரோ இல்லையோ. உங்களிடமும் யாராவது கேட்டால் இப்படியே சொல்லிவிட்டு காப்பி போடப் போய்விடுங்கள், விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

மலிவாகத் தெரிவது எப்போது என்பதையும் பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலை வெட்டித் தங்க ஸ்பிரே அடித்து மணி என்று தொங்கவிட்டால் மலிவாகத் தெரியும். ஒன்று இன்னொன்றாக நடிக்கும்போது கண் கண்டுபிடித்துவிடும். பனங்கொட்டை பனங்கொட்டையாகவே, ஓலை ஓலையாகவே தெரியட்டும். இரண்டு நிறத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரே மாதிரிப் பொருளை நிறையத் தொங்கவிடுங்கள். சவுக்கங்காய் பொறுக்கினால் ஒரு கூடை பொறுக்குங்கள், ஐந்தாறு மட்டும் தொங்கினால் எடுபடாது. தெர்மோகோலில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கவே வேண்டாம், அது உருகிக் குழிகுழியாகிவிடும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடங்களில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று ஒன்று கொடுக்கிறார்கள். என் மகள் படிக்கும் பள்ளியிலும் கொடுத்தார்கள். அவள் தேங்காய்ச் சிரட்டையில் மாட்டுத்தொழுவம் செய்து கொண்டுபோனாள். பரிசு யாருக்கு? ஃபேன்சி ஸ்டோரில் பாக்கெட்டாக வாங்கிய புதுக் குச்சி, புதுக் காகிதக் கப், ஜிகினா பசை இவற்றில் பெற்றோர் செய்து கொடுத்த அரண்மனைக்கு. எது குப்பையில் இருந்து வந்தது, எது கடையில் இருந்து வந்தது என்று டீச்சர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து, "நாமும் வாங்கியே செஞ்சிருக்கலாம்ல அம்மா" என்றாள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. வீணாகிற பொருளைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற பெயரில் புதுப் பொருளை வாங்கி வீணாக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சரி. ஸ்டார் விற்றுப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் அடிக்கிறாயா என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். இல்லை. மூங்கிலில் கட்டித் தெருவோரம் விற்கிறவரிடம் தாராளமாக வாங்குங்கள், மணப்பாட்டுப் பெண்கள் முடைகிற பனையோலைப் பொருட்களையும் வாங்குங்கள். எங்கள் சபையில் குடிலே வைப்பதில்லை என்பவர்களோடும் எனக்குத் தர்க்கம் இல்லை. ஸ்டார் மட்டும் கட்டுங்கள்.

கடற்கரையில் பொறுக்குவதாக இருந்தால் உடைந்த சிப்பி, ஒதுங்கிய கட்டை, அறுந்த வலைத் துண்டு எடுக்கலாம். பவளப்பாறைத் துண்டைத் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தே மன்னார் வளைகுடா எவ்வளவோ இழந்திருக்கிறது.

நீங்கள் ஃபிளாட்டில் இருந்தால் ஓலையும் பனங்கொட்டையும் கிடைக்காது என்று தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்குங்கள், எல்லார் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். அந்தத் தடித்த அட்டையும் பொன் எழுத்தும் சின்னச் சின்ன ஸ்டார் வெட்ட அருமையாக இருக்கும். பிள்ளையார் படம், சிலுவை, பிறை எது இருந்தாலும் அந்தப் பகுதியை வெட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அனுப்பியவர்கள் மனம் நோகக் கூடாது. கிழிந்த பட்டுச்சேலையின் சரிகைக் கரை தோரணத்துக்கு ஆகும். துணி வேண்டாம், பட்டத்தாள்தான் வேண்டும் என்றால் மைதாப் பசை காய்ச்சுங்கள். சிலர் பூச்சி வராமலிருக்க மயில் துத்தம் போடச் சொல்வார்கள், அது விஷம், சின்னப் பிள்ளைகள் வருகிற வீட்டில் போடாதீர்கள். உள்ளே குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் தாள் பற்றிக்கொள்ளும், எல்இடி போடுங்கள்.

கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து 13ஆம் தேதி வாக்கில் தெளியுங்கள், கிடைக்காவிட்டால் வெந்தயம் 17, 18க்குத் தெளித்தாலும் போதும். ஜனவரித் தொடக்கத்தில் வருகிற மூவரசர் திருநாள் முடிந்து இறக்கும்போது ஸ்டாரின் தாளை மட்டும் கிழித்துவிட்டு சட்டத்தைப் பரண்மேல் போட்டு வையுங்கள், அடுத்த வருடம் ஒட்டுகிற வேலை மட்டும்தான் இருக்கும்.