மாத்திரை தொடங்கி மூன்று மாதம்: காதலரை நெருங்கலாமா?

எச்ஐவி உறுதியாகி மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தொற்று இல்லாத உங்கள் காதலரைத் தொடவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று, நண்பரே: முத்தம், அணைப்பு, ஒரே படுக்கையில் தூங்குவது, இவை எதிலும் எச்ஐவி பரவாது. அவரை விட்டு விலகிப் படுக்காதீர்கள்.

சரி, உடலுறவு. ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 வைரஸ் நகல்களுக்குக் கீழே இறங்கி அப்படியே நிலைத்திருந்தால், உங்களிடமிருந்து அவருக்கு உடலுறவு வழியாகப் பரவாது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2019-இல் லான்செட் இதழில் வந்த பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள சுமார் 780 ஆண் இணைகள் ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 76,000 முறை உறவு கொண்டிருந்தார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

ஆனால் அந்த நிலைக்கு வர ஆறு மாதம் வரை ஆகலாம். வைரஸ் அளவு அப்படி இறங்கி நிலைத்துவிட்டது என்று பரிசோதனை முடிவு கையில் வரும்வரை ஆணுறை போடுங்கள், கூடவே நீர் அல்லது சிலிக்கானை அடிப்படையாகக் கொண்ட வழுக்கு ஜெல். எண்ணெய் வேண்டாம், லேடெக்ஸ் கிழிந்துவிடும். அவர் விரும்பினால், தொற்று இல்லாதவர்கள் எச்ஐவி வராமல் தடுக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை எடுக்கலாம். ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, அவர் மருத்துவரிடம் போய் பெப் மாத்திரை (வைரஸ் பட்டிருக்கலாம் என்ற நிலையில் தொற்றைத் தடுக்க எடுப்பது) கேட்க வேண்டும்.

உங்கள் மாத்திரை சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. அதனால் பிற்பாடு ஆணுறையை விடுவதென்றாலும் இருவரும் பேசி முடிவெடுங்கள், பரிசோதனைகளை விடாதீர்கள். கடைசியாக வைரஸ் அளவு எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது?